பதினெட்டு மாதத் திரை

2006 பிப்ரவரி 2, வியாழக்கிழமையன்று, அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் வாராவாரம் வெளியிடும் விண்ணப்பங்களின் நடுவே, தொடுதிரைமீது இரண்டு விரல்களை விலக்கினால் படம் பெரிதாவதையும் நெருக்கினால் சிறிதாவதையும் விவரிக்கும் ஆப்பிள் நிறுவனத்தின் விண்ணப்பம் ஒன்றும் சந்தடியின்றி வெளிவந்தது. அந்நிறுவனம் ஐபோனை மேடையில் காட்டியதோ 2007 ஜனவரி 9 அன்று. ஜனங்கள் கைதட்டி வியந்த அந்த விரல்வித்தை பதினொரு மாதம் முன்பே, எவரும் காசின்றிப் படிக்கக்கூடிய சர்க்கார் காகிதத்தில் கிடந்ததென்றால், தொழில் ரகசியத்தை உயிராய்க் காக்கும் நிறுவனங்கள் ஏன் இப்படி வாயைத் திறக்கின்றன என்ற கேள்வி எழுவது இயல்புதான்.

வேறு வழியில்லாமல்தான். ஒரு நூதனத்தின்மீது இருபது ஆண்டு ஏகபோகத்தைச் சர்க்கார் அளிக்க வேண்டுமானால், அத்துறை அறிந்த இன்னொருவர் செய்து பார்க்கும் அளவுக்கு அதை விளக்கி எழுதித் தர வேண்டும். இந்தியா உட்படப் பெரும்பாலான நாடுகளில், முதல் விண்ணப்பத் தேதியிலிருந்து 18 மாதம் கழிந்ததும் அந்த விளக்கம் பகிரங்கமாகிவிடும். அமெரிக்காவோ, 2000 நவம்பர் 29-க்கு முன் தாக்கலானவற்றை, உரிமை வழங்கும் நாள்வரை பூட்டியே வைத்திருந்தது. ஆகவேதான் ஜாக் கில்பி 1959 பிப்ரவரியில் தாக்கல் செய்த ஒருங்கிணைந்த மின்சுற்று விண்ணப்பம், 1964 ஜூனில் உரிமை கிடைத்த பிறகே அங்கே வெளிச்சத்துக்கு வந்தது.

இந்தக் காகிதக் கடலில் தலைப்பை நம்பி இறங்குகிறவர் ஏமாறுவார். 'குறைகடத்திச் சாதனம்' என்று மொட்டையாய்ப் பெயரிட்டு, உள்ளே நினைவகச் சில்லையும் வைக்கலாம், ஒளி உமிழும் டயோடையும் வைக்கலாம். வழி காட்டுவது, ஒவ்வொரு விண்ணப்பத்திலும் இடப்படும் சர்வதேச வகைப்பாட்டுக் குறிதான். மின்சாரத்துக்குரிய 'எச்' பிரிவில், எச்01எல் என்ற ஓர் அறைக்குள் குறைகடத்திகள் பல காலம் நெருக்கியடித்துக் கிடந்தன; இடம் போதாமல், 2023 முதல் எச்10 என்ற புது வகுப்பைத் திறந்து அவற்றைக் குடிபெயர்த்து வருகிறார்கள். துறை பெருத்துவிட்டதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

குறியைப் பிடித்துக்கொண்டு, ஆண்டுவாரியாக எத்தனை, யாருடையவை என்று எண்ணுவது அடுத்த காரியம். எண்ணுவதில்தான் பிழைகள் மலிந்திருக்கின்றன. அமெரிக்காவிலும் ஜப்பானிலும் கொரியாவிலும் பதிவான ஒரே நூதனத்தை ஒரு குடும்பமாகச் சேர்க்காவிட்டால் ஒன்று மூன்றாகும். வரைபடத்தின் கடைசி இரண்டு ஆண்டுகள் எப்போதும் சரிந்தே தெரியும். அது ஆர்வம் குன்றியதால் அன்று, 18 மாதத் திரை இன்னும் விலகாததால். போட்டியாளரை மறிப்பதற்கென்றே குவிக்கப்படும் விண்ணப்பங்களும் உண்டாகையால், தொகையைவிட, பின்னால் வந்தவர்கள் எதை முன்மாதிரியாக மேற்கோள் காட்டுகிறார்கள், எந்தக் கண்டுபிடிப்பாளரின் பெயர் திடீரென்று வேறொரு நிறுவனத்தின் காகிதத்தில் தென்படுகிறது என்பவையே, என் அபிப்பிராயத்தில், அதிகம் பேசும்.

பழைய ஏடுகளும் செத்துப்போவதில்லை. ஜூலியஸ் லிலியன்ஃபெல்டு 1926-இல் அமெரிக்காவில் விண்ணப்பித்து 1930 ஜனவரியில் பெற்ற காப்புரிமை, மின்புலத்தால் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் முறையைச் சொல்லியிருந்தும், அதைச் செய்து காட்டுவாரின்றி உறங்கியது. 1948-இல் பெல் ஆய்வகத்து வழக்கறிஞர்கள் டிரான்சிஸ்டருக்கு விண்ணப்பம் தயாரிக்கையில் அது கண்ணில் பட்டது. ஆகவே, அந்த ஆய்வகத்து ஷாக்லியின் மின்புலக் கருத்தை ஒதுக்கிவைத்தார்கள். முனைத்தொடர்பு டிரான்சிஸ்டரின் விண்ணப்பத்தில் பார்டீன், பிராட்டெய்ன் என்ற இரண்டு பெயர்களே நின்றன.