முதியோர் இல்லமும் நமது கடமையும்

'முதியோர் இல்லம்' என்னும் சொல் காதில் விழுந்த மாத்திரத்தே முகம் சுளிப்போர் நம்மிடையே பலர். பெற்ற தாயையும் தந்தையையும் பிறர் கையில் ஒப்படைத்தல் அறமாகுமா என்பதே நம்மவர் எழுப்பும் முதல் வினா. வினா நியாயமானதே. ஆயினும், நாம் அவ்வினாவோடு நின்றுவிடுகின்றோம். நல்ல இல்லம் எது, குறையுடைய இல்லம் எது, இவ்விரண்டையும் பிரித்தறிவது எங்ஙனம் என்னும் அடுத்த வினாவுக்கு நாம் செல்வதேயில்லை. அதனால் விளையும் கேட்டை அனுபவிப்பவர், அங்கு சென்று தம் எஞ்சிய நாட்களைக் கழிக்கும் முதியவரேயாவர்.

பெரும்பாலான குடும்பங்களில் நடப்பது யாது? அப்பேச்சை எடுக்கவே வெட்கம். ஊரார் என்ன சொல்வார்களோ என்ற அச்சம். ஆண்டுகள் சில இவ்வாறே கழியும். ஒருநாள் ஆச்சி கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்வார். வைத்தியசாலையிலிருந்து அழைத்துச் செல்லும்படி சொன்ன பின்னரே ஓரிடம் தேடும் அவசரம் பிறக்கும். தொலைபேசியிலே விசாரித்து, கட்டணத்தைக் கேட்டு, இடத்தைக் கண்ணாற் காணாமலே முடிவு செய்துவிடுவார்கள். முன்னர்ப் பேசவிடாது தடுத்த அதே வெட்கம், பின்னர்ப் போய்ப் பார்க்கவிடாதும் தடுக்கும். இவ்வெட்கத்தை ஒருபுறம் ஒதுக்கிவைத்து, பார்க்கவேண்டியவற்றைக் கண் திறந்து பார்ப்போமாயின், முதியவர் பலரின் துயரம் பாதியாகக் குறையும் என்பதே நம் துணிபு.

மாறிவிட்ட காலம்

1946 ஆம் ஆண்டளவில் இந்நாட்டில் பிறந்த ஒரு குழந்தைக்கு எதிர்பார்க்கப்பட்ட ஆயுள் ஏறத்தாழ 43 ஆண்டுகளே. இன்று அது 75 ஆண்டைக் கடந்துவிட்டது. 1981 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்போது அறுபது வயதைக் கடந்தோர் மக்கட்டொகையில் நூற்றுக்கு 6.6 பேராயிருந்தனர். 2012 ஆம் ஆண்டு மதிப்பீட்டில் அத்தொகை 12.4 ஆயிற்று. முப்பது ஆண்டுகளில் இரு மடங்கு எனலாம்.

முதியோர் பெருக, அவர்களைப் பார்க்கும் கைகளோ குறைந்துவருகின்றன. முன்னொரு காலத்தில் ஒரு வீட்டிலே ஆறேழு பிள்ளைகள் இருந்தனர். ஒருவர் இல்லாவிடின் மற்றொருவர் பார்த்தனர். இன்று இரு பிள்ளைகள். இருவரும் வேலைக்குச் செல்பவர். வடக்கிலும் கிழக்கிலும் போரினாற் சிதறிய குடும்பங்களைச் சொல்லவேண்டியதில்லை. மக்கள் கனடாவிலும் இங்கிலாந்திலும் வாழ, அப்புவும் ஆச்சியும் பெரிய கல்வீட்டிலே தனித்திருக்கும் காட்சி யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளில் அரிதன்று. இத்தகையோர்க்கு இல்லம் ஒன்று தேவைப்படுமாயின், அதைக் கொண்டு பிள்ளைகளின் அன்பை அளக்க முற்படுதல் தகாது.

சட்டமும் இதனை உணர்ந்தே இயற்றப்பட்டுள்ளது. 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம், பெற்றோரைப் பேணுதல் பிள்ளைகளின் கடமை என விதிக்கின்றது. தம்மைத் தாமே பராமரிக்க இயலாத பெற்றோர், பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புப் பணம் கோரவும் அச்சட்டம் வழிசெய்கின்றது. அதே சட்டம், ஐவருக்கு மேற்பட்ட முதியோரைத் தங்கவைத்துப் பராமரிக்கும் நிறுவனங்கள் பதிவு செய்யப்படவேண்டும் எனவும் கூறுகின்றது. ஆதலின், எந்த இல்லத்துக்குச் செல்லினும் முதலிற் கேட்கவேண்டியது பதிவுச் சான்றிதழையே. கேட்பதற்கு எவரும் கூச்சப்பட வேண்டியதில்லை.

ஒரு கட்டிலிலே தொடங்கிய பணி

இல்லம் என்றவுடன் கட்டடத்தை நினைப்பது நம் இயல்பு. முதியோர் பணியின் வரலாறோ வேறொன்றைக் கற்பிக்கின்றது. 1839 ஆம் ஆண்டு, பிரான்சு தேசத்தின் சென் செர்வான் என்னும் கடற்கரை ஊரிலே, ஷான் யுகான் என்னும் ஏழைப் பெண்மணி, பார்வையிழந்த மூதாட்டி ஒருவரைத் தம் இருப்பிடத்துக்குக் கொண்டுவந்து, தாம் படுக்கும் கட்டிலையே அவருக்கு அளித்தார். அதிலிருந்து வளர்ந்ததே 'ஏழைகளின் சிறிய சகோதரிகள்' என்னும் துறவியர் சபை. அச்சபையினர் 1888 ஆம் ஆண்டு கொழும்புக்கு வந்து தம் பணியைத் தொடங்கினர். ஷான் யுகான் அம்மையார் 2009 ஆம் ஆண்டு கத்தோலிக்க திருச்சபையாற் புனிதராக உயர்த்தப்பட்டார். இன்று அரசாங்கமும் இத்துறையிற் பொறுப்பேற்றுள்ளது. கைதடியிலுள்ள அரச முதியோர் இல்லத்தை வடபகுதி மக்கள் நன்கறிவர்.

அந்த முதற் பணியிலே கட்டடம் இல்லை, நிதி இல்லை. வந்தவரின் வசதி முதலில், தன் வசதி பின்னர் என்னும் ஒரு மனப்பாங்கே இருந்தது. ஓர் இல்லத்தை மதிப்பிடுவோர் தேடவேண்டியதும் அம்மனப்பாங்கையே.

அது இல்லாதவிடத்து நேர்வது யாதென்பதை ஆங்கில அறிஞர் பீற்றர் ரவுன்சென்ட் எடுத்துக்காட்டினார். அவர் இங்கிலாந்திலும் வேல்சிலும் 173 முதியோர் நிலையங்களைச் சென்று பார்த்து, 1962 ஆம் ஆண்டில் 'இறுதிப் புகலிடம்' என்னும் பொருள்படும் பெயரிலே ஒரு நூலை வெளியிட்டார். பசியாலும் குளிராலும் வாடாத இடங்களிற்கூட முதியோர் வேறொரு வகையில் வாடியதை அவர் கண்டார். செய்வதற்கு வேலை இல்லை. தனிமை காக்க ஒரு மூலை இல்லை. பழைய நட்பும் உறவும் அறுந்தன. தமக்கென ஒரு முடிவெடுக்கும் ஆற்றலே நாளடைவில் மங்கிப்போயிற்று. வயிறு நிறைந்தும் மனிதர் தேய்ந்தனர்.

கண்ணாற் பார்க்கவேண்டியவை

இனி, ஓர் இல்லத்துக்குச் செல்லும் குடும்பத்தினர் பார்க்கவேண்டியவற்றை ஒழுங்காக நோக்குவோம்.

முதலாவது, விழாமற் காக்கும் வசதி. பளபளக்கும் தரையைக் கண்டு மயங்குதல் கூடாது. ஈரம் பட்டால் அது வழுக்குமா என்று காலால் உரசிப் பார்த்தல் வேண்டும். மலசலகூடத்திலும் குளிக்கும் அறையிலும் சுவரிலே பிடிகம்பிகள் உண்டா? சக்கர நாற்காலி புகும் அகலம் வாயிலுக்கு உண்டா? கட்டிலில் இருப்பவரின் பாதம் தரையில் நன்கு படியுமா? இருபது வயதினரின் விழித்திரையை அடையும் ஒளியில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கே அறுபது வயதினரின் விழித்திரையை அடைகின்றது. ஆகவே, நமக்குப் போதுமெனத் தோன்றும் வெளிச்சம் அவர்களுக்குப் போதாது. கட்டிலுக்கும் மலசலகூடத்துக்கும் இடைப்பட்ட வழியில் இரவு முழுவதும் விளக்கு எரிதல் இன்றியமையாதது.

இரண்டாவது, இரவுக் காவல். பகலிலே பத்துப் பணியாளர் நடமாடும் இல்லத்தில், நள்ளிரவில் எத்தனை பேர் விழித்திருப்பர்? படுக்கையில் இருந்தவாறே அழைக்க மணி உண்டா? அழைத்தால் வருபவர் யார்? படுத்த படுக்கையாயிருப்போரை ஏறத்தாழ இரண்டு மணிநேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைத்தல் நெடுங்கால வழக்கம். தவறினால் முதுகிலும் இடுப்பிலும் குதிக்காலிலும் படுக்கைப் புண் தோன்றும். அத்தகையோர் எவருக்கேனும் அங்கே புண் உண்டாயிற்றா, உண்டானபோது என்ன செய்தனர் என்று பொறுப்பாளரிடம் நேரிலே கேட்கலாம். கேள்விக்குச் சினம் கொள்பவரை விட, ஆம் என ஒப்புக்கொண்டு செய்ததைக் கூறுபவரே நம்பத் தகுந்தவர்.

மூன்றாவது, உணவும் நீரும். முதுமையிலே தாக உணர்வு மங்கிவிடும். கேட்டபோது மட்டும் தண்ணீர் கொடுப்பதென்றால் உடல் வறண்டுவிடும். ஆதலால், கேளாமலே நீரோ மோரோ கஞ்சியோ நேரத்துக்கு நேரம் கையிற் கொடுக்கும் வழக்கம் உண்டா எனப் பார்க்க. பல்லில்லாதார்க்கு மெதுவான உணவு உண்டா? வெள்ளிக்கிழமை மரக்கறி உண்பவர், நோன்பு பிடிப்பவர், நீரிழிவு உடையவர் ஆகிய ஒவ்வொருவரின் தேவையும் கவனிக்கப்படுகின்றதா? இவற்றை அறிய எளிய வழி, சாப்பாட்டு நேரத்திலே சென்று பார்ப்பதுதான். கை நடுங்கும் ஒருவருக்கு ஊட்டுபவர் அவர் விழுங்கும்வரை பொறுத்திருக்கிறாரா என்பதைப் பார்த்தால் ஏனைய யாவும் விளங்கும்.

நான்காவது, மருந்து. முதியவர் பலர் ஐந்தாறு வகை மாத்திரைகளை ஒருங்கே உட்கொள்கின்றனர். யார், எப்பொழுது, எதைக் கொடுத்தார் என்பது எழுத்திலே பதியப்படுதல் வேண்டும். வைத்தியர் எத்தனை நாளுக்கொருமுறை வருகிறார், நள்ளிரவில் நெஞ்சுவலி கண்டால் எந்த வைத்தியசாலைக்கு எந்த வாகனத்திற் கொண்டுசெல்வர் என்பவற்றையும் முன்கூட்டியே அறிதல் நன்று.

காதாற் கேட்கவேண்டியவை

இவையனைத்தும் செம்மையாக அமைந்திருப்பினும், ஒன்று குறைந்தால் இல்லம் சிறப்புறாது. விறாந்தையிலே சிறிது நேரம் அமர்ந்து, பணியாளர் பேசும் பேச்சைக் கேட்க. "ஆச்சி, இப்ப குளிக்கிறீங்களா, கொஞ்சம் செல்லட்டுமா?" என்று ஒருவர் கேட்கிறார். "எழும்பு, குளிக்கிற நேரம்" என்று மற்றொருவர் அதட்டுகிறார். தண்ணீர் ஒன்றே, சோப்பும் ஒன்றே. குளிப்பவரின் மனநிலை ஒன்றன்று. அறுபது ஆண்டுகள் குடும்பத்தை ஆண்ட ஒருவர், தான் எப்பொழுது குளிப்பது என்பதையேனும் தீர்மானிக்க இடமிருத்தல் வேண்டும்.

இது வெறும் உணர்ச்சிப் பேச்சன்று. அமெரிக்காவின் கனற்றிக்கற் மாநிலத்து முதியோர் இல்லம் ஒன்றில் எலன் லாங்கர், யூடித் ரோடின் என்னும் உளவியலாளர் இருவர் 91 முதியோரைக் கொண்டு நடத்திய ஆய்வு 1976 ஆம் ஆண்டு வெளியாயிற்று. ஒரு மாடியினரிடம், தம் காரியங்களைத் தாமே தீர்மானிக்கலாம் என்று சொல்லப்பட்டது; அவர்கள் விரும்பிய செடியொன்றைத் தெரிந்து தாமே நீரூற்றி வளர்த்தனர். மற்றொரு மாடியினருக்கும் செடி கொடுக்கப்பட்டது. ஆயின் அதற்கு நீரூற்றியவர் தாதியர். மூன்று வாரத்தின் பின் பார்த்தபோது, முதற் கூட்டத்தினர் கூடிய மகிழ்ச்சியும் சுறுசுறுப்பும் உடையோராய்க் காணப்பட்டனர். சிறியதோர் ஆய்வாகலின், இதனை முடிந்த முடிபாகக் கொள்ளவேண்டியதில்லை. எனினும், ஒரு சிறு செடியின் பொறுப்புங்கூட முதியவரைத் தளிர்க்கச் செய்யும் என்பது சிந்திக்கத்தக்கது.

ஐக்கிய நாடுகள் சபை 1991 ஆம் ஆண்டில் முதியோருக்கென வகுத்த கோட்பாடுகளும் இதனையே வற்புறுத்துகின்றன. தற்சார்பு, பங்குபற்றல், பராமரிப்பு, ஆற்றல் நிறைவு, கண்ணியம் என்னும் ஐந்து தலைப்புகளில் அவை அமைந்துள்ளன. பராமரிப்பு அவ்வைந்தில் ஒன்றே என்பதை நோக்குக. ஆகவே இல்லப் பொறுப்பாளரிடம் நாம் கேட்கவேண்டிய வினாக்கள் இன்னும் சில உண்டு. வீட்டிலிருந்து தம் கதிரையையோ சாமிப் படத்தையோ கொண்டுவரலாமா? அறையின் கதவைத் தாழிட்டுக்கொள்ளலாமா? விரும்பினால் பூங்கன்று நடலாமா, கோயிலுக்கோ தேவாலயத்துக்கோ சென்றுவரலாமா? உறவினர் எந்நேரமும் வரலாமா? முன்னறிவித்தல் இன்றி வருவோரை அனுமதிக்க மறுக்கும் இல்லத்தைப் பற்றி இருமுறை சிந்தித்தல் வேண்டும்.

நம் பங்கு

இத்தனையும் பார்க்கச் செல்லும்போது முதியவரையும் உடனழைத்துச் செல்க. தாம் வாழப்போகும் இடத்தைத் தாம் பாராமலே பிறர் தெரிவுசெய்வது எவர்க்கும் உவப்பாகாது. ஒரு வாரமோ இரு வாரமோ தங்கிப் பார்க்க இல்லம் இசையுமாயின், அவ்வாறு செய்து, அவர் சொல்லும் குறைகளைச் செவிமடுத்துப் பின் முடிவெடுத்தல் நலம்.

சேர்த்த பின்னரும் கடமை தீர்ந்துவிடுவதில்லை. அடிக்கடி பார்க்க வரும் உறவினரை உடைய முதியவர்மீது பணியாளரின் கவனமும் கூடும். வெவ்வேறு நாளில், வெவ்வேறு நேரத்திற் செல்க. உடை சுத்தமாயிருக்கிறதா, நகம் வெட்டப்பட்டிருக்கிறதா, உடல் மெலிந்ததா, பேச்சிலே அச்சம் தொனிக்கிறதா எனக் கவனிக்க. குறை கண்டால் மறையாது சொல்லுக. நன்மை கண்டால் அப்பணியாளரைப் பெயர் சொல்லிப் பாராட்டுக. குறைந்த சம்பளத்துக்குப் பிறர் பெற்றோரைக் கழுவித் துடைக்கும் அக்கைகளுக்கு நம் நன்றி உரியது. கடல்கடந்து வாழ்வோர், மாதந்தோறும் பணம் அனுப்புவதோடு, ஊரிலுள்ள உறவினர் ஒருவரை வாரந்தோறும் சென்றுவர ஒழுங்கு செய்தல் வேண்டும்.

மாணவர்களுக்கும் ஒரு சொல். உங்கள் பாடசாலைக்கு அண்மையில் இத்தகைய இல்லம் இருக்கக்கூடும். ஒக்டோபர் முதலாம் தேதி, உலக முதியோர் தினத்தன்று மட்டும் பொன்னாடையோடும் புகைப்படக் கருவியோடும் சென்று மீள்வதால் ஆவது சிறிதே. பார்வை மங்கிய ஒரு பெரியவருக்கு வாரம் ஒருமுறை பத்திரிகை வாசித்துக் காட்டுங்கள். எழுத இயலாத ஓர் ஆச்சியின் கடிதத்தை அவர் சொல்லச் சொல்ல எழுதிக் கொடுங்கள். அவர்கள் இளமையில் கண்ட ஊரையும் தொழிலையும் திருவிழாவையும் கேட்டு அறியுங்கள். கேட்க ஒருவர் உண்டு என்னும் எண்ணமே, அடுத்த வாரத்தை எதிர்நோக்கும் ஆவலை அம்முதியவருக்கு அளிக்கும்.