ஆற்றால் சுழன்ற ஆலை... அம்மாவைத் தேடி ஓடிய சிறுவர்கள்! - ஒரு பஞ்சாலையின் கதை

கோயம்புத்தூரை 'தென்னிந்தியாவின் மான்செஸ்டர்' என்று ஸ்கூலில் படிச்சிருப்பீங்க. அந்த ஒரிஜினல் மான்செஸ்டர் பக்கம் பஞ்சாலைகள் எப்படி இருந்தன தெரியுமா? தெரிஞ்சுக்க சரியான இடம், மான்செஸ்டர் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஸ்டைல் கிராமம். அங்கே பொலின் ஆற்றங்கரையில் இன்னமும் நிற்கிறது, குவாரி பேங்க் மில்.

ஏன் ஆற்றங்கரை?

1784-ல் இந்த ஆலையைத் தொடங்கியபோது சாமுவேல் கிரெக்குக்கு வயது 26. அப்போது கரன்ட் ஏது? இந்த ஆலையில் மெஷின் ஓட ஆறுதான் கைகொடுத்தது. தடுப்பணை கட்டி நீரைத் தேக்கி, கால்வாய் வழியாகக் கொண்டுவந்து பெரிய சக்கரத்தின் மீது பாயவிட்டார்கள். சக்கரம் சுற்றினால் அதோடு இணைந்த தண்டுகளும் சுற்றும். அங்கிருந்து பெல்ட் வழியாக மாடி மாடியாக எல்லா மெஷினும் ஓடும். 1818-ல் வைத்த இரும்புச் சக்கரத்தின் விட்டம் மட்டும் 32 அடி. கிட்டத்தட்ட மூணு மாடி வீட்டு உயரம்!

மெஷின் ரெடி... ஆட்கள்?

ஆறு ஓடும் இடம் கிராமம். அங்கே அவ்வளவு ஆட்கள் கிடையாது. அதற்கு கிரெக் கண்டுபிடித்த வழிதான் இந்தக் கதையின் கசப்பான பகுதி. ஆதரவற்றோர் விடுதிகளில் இருந்த ஏழைக் குழந்தைகளை 'அப்ரன்டிஸ்' என்று ஒப்பந்தம் போட்டு அழைத்துவந்தார். அவர்கள் தங்குவதற்காக 1790-ல் தனியாக ஒரு வீடே கட்டினார். சாப்பாடு, துணி, படுக்கை உண்டு; சம்பளம் கிடையாது. ஓவர்டைம் பார்த்தால் சில்லறைக் காசு. 1800 வாக்கில் ஆலையில் இருந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் குழந்தைகள்தான்.

அறுந்த நூலை முடிவது, மெஷினுக்கு அடியில் தவழ்ந்து பஞ்சு பொறுக்குவது... இதெல்லாம் அந்தக் காலப் பஞ்சாலைகளில் சின்னக் கைகளுக்கான வேலை.

1806-ல் அங்கிருந்து இரண்டு பையன்கள் லண்டனுக்குத் தப்பி ஓடினார்கள். ஜோசப் செஃப்டனுக்கு 17 வயது, தாமஸ் பிரீஸ்ட்லிக்கு 13. மெஷின் சக்கரத்தில் சிக்கி தாமஸின் இடதுகை ஆள்காட்டி விரலே போயிருந்தது. லண்டனில் மாஜிஸ்திரேட் முன் இருவரும் கொடுத்த வாக்குமூலம் இன்றும் இருக்கிறது. காலை 6 மணிக்கு வேலை தொடங்கும் என்பதிலிருந்து தினமும் என்ன சாப்பிட்டார்கள் என்பது வரை அதில் சொல்லியிருக்கிறார்கள். ஏன் ஓடினார்கள்? அம்மாவைப் பார்க்கணும். அவ்வளவுதான்.

இன்னொரு பக்கமும் உண்டு. கிரெக், குழந்தைகளுக்கு டாக்டர் வைத்தார். எழுதப் படிக்கவும் சொல்லிக்கொடுக்க ஏற்பாடு செய்தார். அந்தக் காலத்து மற்ற முதலாளிகளோடு ஒப்பிட்டால் இவர் 'நல்லவர்'. அதே குடும்பத்துக்கு டொமினிகா தீவில் அடிமைகள் உழைத்த கரும்புத் தோட்டமும் இருந்தது. 'நல்ல முதலாளி'யிடமே இந்த நிலை என்றால், மற்ற ஆலைகளை நீங்களே யோசிச்சுப் பாருங்க.

அப்புறம் என்ன ஆச்சு?

அப்ரன்டிஸ் முறை இங்கே 1847-ல் முடிந்தது. 1939-ல் ஆலையை நேஷனல் டிரஸ்ட் அமைப்பிடம் கிரெக் குடும்பம் ஒப்படைத்தது. 1959-ல் உற்பத்தி நின்றது. இப்போது அது மியூசியம்.

'எப்பவோ, எங்கேயோ நடந்தது' என்று கடந்துபோக முடியாது. நம்ம மேற்கு மாவட்ட நூற்பாலைகளில் 'சுமங்கலி திட்டம்' என்ற பெயரில் டீன் ஏஜ் பெண்களை ஹாஸ்டலில் தங்கவைத்து, சில வருட ஒப்பந்தத்தில் வேலை வாங்கியது ரொம்பப் பழைய கதை இல்லை. கல்யாணச் செலவுக்கு என்று ஒரு தொகை, கடைசியில்தான் கைக்கு வரும். பாதியில் கிளம்பினால் அதுவும் சந்தேகம்.

மான்செஸ்டரில் படிக்கிற ஃப்ரெண்ட்ஸ் இருந்தால் இந்த இடத்தைச் சொல்லுங்க. பிரமாண்டமான நீர்ச்சக்கரத்தோடு செல்ஃபி எடுத்துட்டு அப்படியே திரும்பிட வேண்டாம். பக்கத்தில் இருக்கும் அப்ரன்டிஸ் வீட்டுக்குள்ளும் ஒரு நடை போயிட்டு வரச் சொல்லுங்க.