நான்கு தாடைகளும் ஒரு சுருளும்

மரக் கடைசலுக்குப் புதியவர்கள் முதல் சக் வாங்கும்போது எதற்குச் செலவிடலாம், எதை விட்டுவிடலாம்?

8 அங்குல விட்டமும் 3 அங்குலக் கனமும் உள்ள வாகைக் கட்டை ஒன்றை லேத்தில் பூட்டிக் கிண்ணமாகக் கடைகிறோம் என்று வைத்துக்கொள்வோம். கட்டையின் எடை ஏறத்தாழ ஒன்றரை கிலோ. நிமிடத்துக்கு 1000 சுற்று ஓடும்போது அதன் விளிம்பு மணிக்கு 38 கி.மீ. வேகத்தில் போகிறது. அந்த வேகத்தில் வரும் மரத்தின் மேல் கூரான உளியை வைக்கிறோம். கட்டை பறந்துவிடாமல் பிடித்திருப்பவை இரண்டே: அதன் அடியில் கால் அங்குல உயரத்துக்குக் கடைந்து விட்ட ஒரு வட்டக் கழுந்து, அதைக் கவ்வியிருக்கும் நான்கு இரும்புத் தாடைகள்.

அந்தத் தாடைகளைத் தாங்கும் கருவிதான் சக். லேத் வாங்கிய கையோடு புதியவர்கள் தேடும் முதல் துணைக்கருவியும் அதுவே. பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும் இரண்டு சக்குகளுக்கு இடையே விலை பல மடங்கு வேறுபடும். மலிவானதை வாங்கினால் ஆபத்தா, விலை கூடியதை வாங்கினால் வீண் செலவா என்ற குழப்பம் எல்லோருக்கும் வருகிறது. உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் இந்தக் குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

சுருள் செய்யும் வேலை

சாவியைச் செருகித் திருப்பினால் நான்கு தாடைகளும் ஒரே நேரத்தில், ஒரே அளவுக்கு மையத்தை நோக்கி நகர்கின்றன. இதற்குக் காரணம் சக்கின் வயிற்றுக்குள் இருக்கும் ஒரு வட்டத் தட்டு. அதன் முகத்தில் சுருள் வடிவில் வரிப்பள்ளம் வெட்டப்பட்டிருக்கிறது. தாடைகளின் முதுகில் உள்ள பற்கள் அந்தப் பள்ளத்தில் அமர்ந்திருக்கின்றன. தட்டு சுழல்கிறது, தாடைகளோ தத்தம் தடத்தை விட்டு விலக முடியாது. எனவே பள்ளம் அவற்றை உள்ளே இழுக்கிறது, அல்லது வெளியே தள்ளுகிறது.

கிரேக்கக் கணித மேதை ஆர்க்கிமிடீஸ் கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் ஆராய்ந்த சுருள் இது. ஒவ்வொரு சுற்றுக்கும் மையத்திலிருந்து ஒரே அளவு விலகிச் செல்வது இதன் இயல்பு. சுருளின் வரிகளுக்கிடையே 4 மி.மீ. இடைவெளி இருந்தால், தட்டு ஒரு முழுச் சுற்று சுற்றும்போது தாடை 4 மி.மீ. நகரும், கால் சுற்றுக்கு 1 மி.மீ. நகரும். ஆகவே அடுத்தடுத்த தாடைகளின் பற்கள் 1 மி.மீ. தள்ளித் தள்ளி வெட்டப்பட்டிருக்க வேண்டும். தாடைகளில் 1, 2, 3, 4 என்று எண் பொறித்திருப்பது இதனால்தான். சக்கினைக் கழற்றித் துடைத்துவிட்டு வரிசை மாற்றிப் போட்டால் தாடைகள் மையத்தில் சந்திக்காது. பழுதாகிவிட்டது என்று புதியவர்கள் பயந்துபோகும் பல சக்குகளுக்கு இந்த வரிசைப் பிசகைத் தவிர வேறு குறை இருப்பதில்லை.

இந்த ஏற்பாட்டுக்கு அமெரிக்காவின் சைமன் ஃபேர்மன் 1840இல் காப்புரிமை பெற்றார். இரும்பு கடையும் பட்டறைகளில் வேரூன்றிய அந்தச் சுருள் சக்கின் வழிவந்ததுதான் இன்று மரக் கடைசலுக்கு வரும் நான்கு தாடை சக்.

இரும்புப் பட்டறை சக் போதாதா?

பழைய இயந்திரக் கடையில் மலிவாகக் கிடைக்கும் மூன்று தாடை சக்கினை மர லேத்தில் மாட்டிக்கொள்ளலாமே என்று தோன்றும். இரும்புத் தண்டுக்கு அது அருமையான கருவி. மரத்தின் கதை வேறு. இரும்புக்கான தாடைகள் குறுகலானவை. மூன்று குறுகிய இடங்களில் அழுத்தம் குவிந்தால் இரும்பு தாங்கும், மரம் நசுங்கிவிடும். மூன்று தாடைகளுக்குள் சதுரக் கட்டை மையமாக உட்காராது. நான்கு தாடைகள் சதுரத்தையும் வட்டத்தையும் பிடிக்கும். இரும்புக்கான தாடைகளின் படிப்படியான முனைகள் சக்கின் உடலுக்கு வெளியே நீட்டிக்கொண்டு சுழலவும் கூடும். மரக் கடைசலில் கை அந்த இடத்துக்கு மிக அருகில் வேலை செய்கிறது. விரல் மூட்டுகளுக்கு அது நல்லதல்ல.

மரத்துக்கான தாடைகள் கட்டையின் கழுந்தைச் சுற்றி வளைத்துப் பிடிக்கும் வில் வடிவத் துண்டுகள். அவற்றின் உள் விளிம்பு புறாவால் இணைப்பைப்போலச் சற்றே சரிந்திருக்கும். கழுந்தையும் அதே சரிவில், அடியில் குறுகி நுனியில் விரியும்படி கடைந்தால், தாடை இறுக இறுகக் கட்டை சக்கின் முகத்தை நோக்கி இழுக்கப்படும். கட்டையின் தோள், அதாவது கழுந்தைச் சுற்றியுள்ள சமதளம், தாடைகளின் முகத்தில் முழுக்கப் படிந்து உட்கார வேண்டும். உளி தரும் உதறலை ஏற்றுக்கொள்வது அந்தத் தோள்தான். கழுந்து நீளம் கூடி, அதன் நுனி சக்கின் உள்ளே போய் முட்டினால் தோள் படியாது. இறுக்கமாக இருப்பதுபோலத் தெரியும். முதல் உதறலிலேயே கட்டை ஆடத் தொடங்கிவிடும்.

50 மி.மீ. என்றால் என்ன?

விற்பனைக்கு வரும் சக்குகளோடு பெரும்பாலும் 50 மி.மீ. தாடைத் தொகுதி ஒன்று சேர்ந்தே வரும். தாடைகளை முதலில் ஒரு முழு வளையமாகக் கடைந்து, பிறகு நான்காக அறுப்பது வழக்கம். இதில் ஒரு முக்கியமான வடிவியல் அடங்கியிருக்கிறது. தாடைகள் ஏறக்குறைய மூடியிருக்கும் நிலையில்தான் அவை முழு வட்டமாகும். அந்த அளவில் கழுந்து இருந்தால் தாடையின் வளைவு முழுவதும் மரத்தைத் தொடும். கழுந்து பெரிதாகப் பெரிதாக, தாடையின் வளைவு கழுந்தின் வளைவோடு ஒட்டாமல் போகிறது. ஒவ்வொரு தாடையும் தன் இரு ஓரங்களால் மட்டும் கடிக்கிறது. நான்கு தாடைக்கு எட்டுக் கடிகள். மரத்தில் தழும்பு விழும், பிடியும் குறையும்.

ஆகவே சக்கின் பெட்டியில் எழுதியிருக்கும் பெரிய பிடி எல்லையைப் பார்த்து மயங்க வேண்டாம். தாடை எவ்வளவு விரியும் என்பதைவிட, மூடும் நிலைக்கு எவ்வளவு அருகில் பிடிக்கிறோம் என்பதே முக்கியம். கழுந்தின் விட்டம் கிண்ணத்தின் விட்டத்தில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டி இருப்பது நல்லது என்பது கடைசல்காரர்களின் பொது விதி. 50 மி.மீ. தாடை 6, 7 அங்குலக் கிண்ணத்துக்கு வசதியாகவும், 8 அங்குலத்துக்கு நிதானமாகவும் பயன்படும். முதல் ஓராண்டில் புதியவர் கடையும் பெரும்பாலான பொருள்கள் இதற்குள் அடங்கிவிடும். கூடுதல் தாடைத் தொகுதிகளை முதல் நாளே வாங்கிக் குவிக்கத் தேவையில்லை.

மரம் நசுங்கும், மரம் சுருங்கும்

நார் ஓடும் திசையில் மரம் பெரும் அழுத்தத்தைத் தாங்கும். குறுக்கே அழுத்தினால், பெரும்பாலான மரங்கள் அதில் ஐந்தில் ஒரு பங்குக்குள்ளேயே நசுங்கத் தொடங்கிவிடும். கிண்ணத்துக்கான கட்டையில் நார் பக்கவாட்டில் ஓடுகிறது. எனவே கழுந்தைப் பிடிக்கும் நான்கு தாடைகளில் இரண்டு நாரின் முனையையும், இரண்டு நாரின் விலாவையும் அழுத்தும்படி அமையலாம். விலாப் பக்கம் மெல்ல விட்டுக்கொடுக்கும். இதனால்தான் முதல் சுற்றுக் கடைசல் முடிந்ததும் லேத்தை நிறுத்தி, சாவியை மறுபடி ஒரு முறை இறுக்க வேண்டும் என்கிறார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு முதலிலேயே முறுக்குவதால் பயனில்லை. நார் நொறுங்கும், கழுந்து பிளக்கும்.

தாடைகளை உள்ளே விட்டு வெளிப்புறமாக விரித்துப் பிடிக்கும் முறையும் உண்டு. அதற்குக் கட்டையின் அடியில் வட்டப் பள்ளம் கடைய வேண்டும். விரியும் விசை நார்களைப் பிரித்துத் தள்ளுவதால், பள்ளத்தைச் சுற்றிப் போதிய மரம் இல்லாவிட்டால் கட்டை நாரோட்டத்தில் இரண்டாகப் பிளந்துவிடும். பழகும்வரை கழுந்தே பாதுகாப்பு.

பச்சை மரத்தில் இன்னொரு சிக்கல். மரம் உலரும்போது நாரின் நீளத்தில் அநேகமாகச் சுருங்குவதில்லை. ஆண்டு வளையங்களின் குறுக்கே ஓரளவும், வளையங்களை ஒட்டிய திசையில் அதைப்போல ஏறத்தாழ இரு மடங்கும் சுருங்குகிறது. வட்டமாகக் கடைந்த 50 மி.மீ. கழுந்து, காற்றில் உலர்ந்து முடியும்போது ஒரு திசையில் சுமார் 2 மி.மீ. குறைந்து முட்டை வடிவமாகிவிடும். அதை மீண்டும் சக்கில் மாட்டினால் சரியாக உட்காராது. எனவே பச்சையில் கடையும்போதே கழுந்தைச் சற்றுப் பெரிதாக விட்டு, உலர்ந்தபின் திரும்ப வட்டமாக்கிக்கொள்ள இடம் வைக்க வேண்டும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய சக்கும் இந்தச் சுருக்கத்தை ஈடுகட்டாது.

மரை பொருந்த வேண்டும்

சக் வாங்கும்போது எந்தச் சமரசமும் கூடாத இடம் மரை. சக்கின் பின்புறம் உள்ள மரை, லேத்தின் ஸ்பின்டில் மரையோடு அளவும் புரி இடைவெளியும் ஒத்திருக்க வேண்டும். சிறிய லேத்துகளில் பரவலாகக் காணப்படுவது 1 அங்குலம், அங்குலத்துக்கு 8 புரி. ஐரோப்பிய வழக்கில் பரவலான அளவு 33 மி.மீ. விட்டம், 3.5 மி.மீ. புரி இடைவெளி. லேத்தோடு வந்த கையேட்டில் இது எழுதியிருக்கும். இல்லாவிட்டால் காலிப்பரால் விட்டத்தை அளந்து, ஓர் அங்குல நீளத்தில் எத்தனை புரி என்று எண்ணிப் பார்க்கலாம். ஏறக்குறைய சரி என்பது இங்கே தவறுதான்.

சக் கையாலேயே தடங்கலின்றித் திருகி ஏறி, ஸ்பின்டிலின் தோளில் முழுதாகப் போய் அமர வேண்டும். மரை சக்கினைப் பின்னே இழுத்து நிறுத்துகிறது. நேராக ஓடவைப்பது அந்தத் தோள். இடையில் ஒரு அடாப்டர் போட்டால் சக் முன்னே தள்ளிப்போகும். தாங்கும் பேரிங்கிலிருந்து தூரம் கூடக்கூட அதிர்வும் கூடும். வேறு வழியே இல்லாதபோது மட்டும் அடாப்டர். ஆனால் சக்கின் உள்ளேயே பொருந்தும் மாற்று மரைத் துண்டு கொண்ட சக்குகள் வேறு வகை. நாளை பெரிய லேத் வாங்கினால் அந்தத் துண்டை மட்டும் மாற்றினால் போதும். லேத்தை மாற்றும் எண்ணம் உள்ளவர்களுக்கு அந்த வகைக்குக் கூடுதலாகக் கொடுக்கும் தொகை வீண் போகாது.

எங்கே மிச்சப்படுத்தலாம்?

இரும்புக் கடைசலில் நூறில் ஒரு மி.மீ. துல்லியத்துக்குப் பணம் கொடுக்கிறார்கள். மரத்தில் 0.1 மி.மீ. ஆட்டம் பெரிய குறை இல்லை. காரணம் எளியது: கட்டை சக்கில் ஏறியபிறகுதான் உளி அதை வட்டமாக்குகிறது. சக்கின் ஆட்டம் எதுவானாலும், உளி உண்டாக்கும் வட்டம் சுழலும் அச்சுக்கே மையமாகிவிடும். கழற்றித் திருப்பி மாட்டும்போதுதான் ஆட்டம் வெளியே தெரியும். சென்னபட்டணாவின் அரக்குப் பொம்மைகளைப் பாருங்கள். கடைவது, சுழலும் மரத்தில் அரக்குக் குச்சியை அழுத்தி உராய்வின் சூட்டில் நிறம் ஏற்றுவது, மெருகிடுவது எல்லாம் லேத்தில் இருக்கும்போதே நடக்கின்றன. ஒரே பிடியில் முடிகிற வேலைக்கு மையம் தவறுவதில்லை.

ஆகவே துல்லியத்தைப் பற்றிய விளம்பரத்துக்குப் புதியவர் அதிகம் கொடுக்க வேண்டியதில்லை. பளபளப்பான மேற்பூச்சுக்கும் அப்படியே. இரண்டு விஷயங்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம். ஒன்று, சாவியால் இறுக்கும் வகை. இரண்டு கம்பிகளைச் செருகித் திருப்பும் மலிவான வகையில் இரு கைகளும் கம்பிகளில் இருக்கும். கட்டையைத் தாங்கக் கை இருக்காது. சாவி வகையில் ஒரு கை கட்டையைப் பிடித்துக்கொள்ளலாம். இரண்டாவது, பின்னாளில் தாடைத் தொகுதிகள் தனியே கிடைக்கும் நிறுவனம். நியூசிலாந்தின் டெக்னாடூல், ஆஸ்திரேலியாவின் விக்மார்க், பிரிட்டனின் ரெக்கார்ட் பவர், ஆக்ஸ்மின்ஸ்டர், கனடாவின் ஒன்வே போன்றவை தத்தம் சக்குகளுக்குப் பல தாடைகள் விற்கின்றன. ஒருவரின் தாடை மற்றவரின் சக்கில் பொதுவாகப் பொருந்தாது. இதை வாங்கும் முன்பே யோசிக்க வேண்டும்.

உருவ அளவும் முக்கியம். சிறு லேத்துக்கு 75 முதல் 100 மி.மீ. உடல் கொண்ட சக் போதும். அதற்கு மேல் போனால் சிறு மோட்டாருக்கும் பேரிங்குக்கும் சுமை.

வேகம் என்னும் பெருக்கல்

சக் எவ்வளவு நன்றாக இருந்தாலும் வேகத்தை மதிக்காவிட்டால் பயனில்லை. கரடான கட்டையின் ஒரு பக்கம், மையத்திலிருந்து 9 செ.மீ. தூரத்தில், 50 கிராம் மட்டும் கனம் கூடியிருக்கட்டும். 1000 சுற்றில் அது 5 கிலோ எடைக்குச் சமமான விசையோடு, வினாடிக்கு 17 முறை திசை சுழன்று சக்கினை இழுக்கும். 500 சுற்றுக்குக் குறைத்தால் விசை நான்கில் ஒரு பங்காகி, ஒன்றேகால் கிலோவுக்கு இறங்கிவிடும். விட்டத்தை அங்குலத்தில் எடுத்துச் சுற்றோடு பெருக்கினால் 6000க்கும் 9000க்கும் இடையில் வர வேண்டும் என்பது பழகிய விதி. சமன் இல்லாத கட்டைக்கு அதற்கும் கீழே தொடங்க வேண்டும். இயன்றவரை டெயில்ஸ்டாக் முன்னாலிருந்து கட்டைக்கு முட்டுக் கொடுக்கட்டும். முகக் கவசம் கட்டாயம். சுவிட்சைத் தொடும் முன் சாவி சக்கில் இல்லை என்று கண்ணால் பார்ப்பதும், கட்டை சுழலும் தளத்துக்கு நேராக நிற்காததும் பழக்கமாக வேண்டும்.

நல்ல பிடியில் பாதி சக்கிலிருந்து வருகிறது. மறுபாதி நாம் கடையும் கழுந்திலிருந்து. மரை பொருந்திய, சாவியால் இறுகும், 50 மி.மீ. தாடை கொண்ட நடுத்தர விலைச் சக் ஒன்றை வாங்குங்கள். மிச்சமாகும் பணத்தில் முதலில் முகக் கவசம், அடுத்து உளி தீட்டும் கல். பிறகு, வெட்டிப் போட்ட வேம்பு, பூவரசுக் கிளைகளில் கழுந்து மட்டும் கடைந்து பழகுங்கள்: சரிவு சரியா, தோள் படிகிறதா, நுனி உள்ளே முட்டுகிறதா என்று ஒவ்வொன்றையும் மாட்டிப் பாருங்கள். கழுந்து கடையக் கற்ற கைக்கு, விலை குறைந்த சக்கும் உறுதியாகப் பிடித்துக் கொடுக்கும்.