அலுமினியத்தின் மேல்தோல்

இரும்பைப் பற்றவைத்துப் பழகிய கை அலுமினியத்திடம் தடுமாறுவதற்குக் கைத்திறனின் குறையைவிட அந்த உலோகத்தின் இயல்பே பெரிதும் காரணம். இரும்பு உருகுவதற்கு முன் சிவந்து எச்சரிக்கை தரும். அலுமினியமோ 660 டிகிரி செல்சியசில் உருகும்வரை நிறம் மாறாமல் இருந்துவிட்டு, திடீரெனத் தொய்ந்து ஓட்டையாகிவிடும். இதனினும் பெரிய இடையூறு அதன் மேற்பரப்பில் இருக்கிறது. காற்றுப் பட்ட உடனே அலுமினியம் ஆக்சிஜனுடன் சேர்ந்து, சில நானோமீட்டர் தடிமனுள்ள ஆக்சைடுப் படலத்தைப் போர்த்திக்கொள்கிறது. பாத்திரங்களை அரிப்பிலிருந்து காக்கும் இந்தப் படலம் 2,000 டிகிரிக்கு மேல்தான் உருகும் என்பதால், உள்ளே உலோகம் நீராகிவிட்ட பிறகும் மேலே அது பாலாடை போலச் சுருங்கிக் கிடந்து, உருகிய இரு விளிம்புகளை ஒன்றுசேர விடாமல் தடுக்கிறது.

இந்தப் படலத்தை நீக்கும் வழி, பட்டறைகளில் ஆர்கான் வெல்டிங் என்றும் டிக் வெல்டிங் என்றும் வழங்கும் முறைக்குள்ளேயே அமைந்திருக்கிறது. இம்முறையில் எளிதில் உருகாத டங்ஸ்டன் மின்முனைக்கும் வேலைத்துண்டுக்கும் இடையே மின்வில் எரிய, ஆர்கான் வாயு காற்றை விலக்கி நிறுத்துகிறது. 1940களின் தொடக்கத்தில், கலிபோர்னியாவின் நார்த்ராப் விமான நிறுவனத்தில் மக்னீசியத்தை இணைப்பதற்காக ரஸ்ஸல் மெரிடித் இதை உருவாக்கியபோது காப்பு வாயுவாக இருந்தது ஹீலியம். டங்ஸ்டனை நேர்மின் முனையாக வைத்தால் அது அளவுக்கு மீறிச் சூடேறியது. எதிர்மின் முனையாக மாற்றினால் டங்ஸ்டன் தப்பியது, ஆனால் அலுமினியம், மக்னீசியம் போன்ற உலோகங்களின் ஆக்சைடு அப்படியே நின்றது. இரு பக்கமும் மாறி மாறிப் பாயும் மாறுதிசை மின்னோட்டமே பின்னர் இந்தச் சிக்கலைத் தீர்த்தது.

ஒரே மின்வில் ஒரு நொடிக்குள் பலமுறை இருவேறு பணிகளுக்கு மாறுவதுதான் இம்முறையின் தனி வியப்பு. டங்ஸ்டன் எதிர்மின்னாக இருக்கும் அரைச்சுற்றில் வெப்பத்தின் பெரும்பகுதி அலுமினியத்தில் இறங்கி அதை உருக்குகிறது. அடுத்த அரைச்சுற்றில் திசை மாறி எலெக்ட்ரான்கள் அலுமினியப் பரப்பிலிருந்து கிளம்பும்போது, அவை ஆக்சைடு உள்ள இடங்களிலிருந்தே எளிதாக வெளிப்படுவதால் மின்வில்லின் வேர் அந்த இடங்களைத் தேடித் தாவுகிறது. அங்கே படலம் சிதறிப் பெயர்கிறது. முடிந்த பற்றின் இருபுறமும் பனி படிந்தாற்போலத் தெரியும் வெளிறிய கரை, இந்தத் தூய்மைப் பணியின் தடயம். பழைய மின்மாற்றிப் பொறிகளில் இவ்விரு பணிகளும் ஏறக்குறைய சரிபாதியாகவே நடந்தன. இன்றைய இன்வெர்ட்டர் பொறிகளில் பங்கைக் கூட்டிக் குறைக்க முடிவதால், உருக்கும் பக்கத்துக்கு 70 சதவீதம் அளவில் வைத்துப் பழகுவது வழக்கம். தூய்மைப் பங்கைத் தேவைக்கு மேல் கூட்டினால் டங்ஸ்டனின் நுனி உருண்டு, சில வேளை துளியாக உதிர்ந்து பற்றிலேயே விழும்.

பயிற்சியை 3 மில்லிமீட்டர் தகட்டில், ஏறத்தாழ 120 ஆம்பியர் அளவில், நிரப்புக் கம்பி இல்லாமல் தொடங்குவது நல்லது. உருகிய குட்டை கண்ணாடி போலப் பளபளக்கும்வரை டார்ச்சை நகர்த்தாமல் காத்திருப்பதே முதல் பாடம். அலுமினியம் சாதாரண இரும்பைவிடப் பலமடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்துவதால், தொடக்கத்தில் தகடு குளிர்ந்திருந்து மிகுதியான மின்னோட்டத்தை வேண்டும். சில அங்குலம் நகர்வதற்குள் தகடு முழுதும் சூடேறி, அதே மின்னோட்டம் ஓட்டை போட்டுவிடும். காலால் அழுத்தும் மிதிக்கட்டை இதற்காகவே இருக்கிறது. முடிக்கும்போதும் அதை மெல்ல விட வேண்டும். சட்டென அணைத்தால், கடைசிக் குழியில் உலோகம் சுருங்கி நட்சத்திரம் போன்ற வெடிப்பு விழும். நிரப்புக்கு 5 சதவீதம் சிலிக்கான் கலந்த 4043 கம்பி தொடங்குபவருக்கு இணக்கமானது.

பொறியில் தூய்மைப் பங்கைத் திருப்பும் குமிழ் இருக்கிறது என்பதால், தகட்டைத் துடைப்பதை எடுபிடி வேலையாகக் கருதும் மனப்போக்கு பட்டறைகளில் வேரூன்றியிருப்பது வருந்தத்தக்கது. மின்வில் பெயர்ப்பது மெல்லிய ஆக்சைடை மட்டுமே. எண்ணெயையும் ஈரத்தையும் அது ஒன்றும் செய்வதில்லை. அவற்றிலிருந்து பிரியும் ஹைட்ரஜன், உருகிய அலுமினியத்தில் தாராளமாகக் கரைந்து, உலோகம் உறையும்போது தங்க இடமின்றிக் குமிழிகளாகச் சிக்கிக்கொள்கிறது. வெளியே அழகாகத் தோன்றும் பற்று, அறுத்துப் பார்த்தால் துளைத்துளையாக இருப்பது இதனால்தான். முதலில் அசிட்டோனால் எண்ணெயைத் துடைத்து, அது முழுதும் ஆவியான பிறகு, வேறு எந்த உலோகத்திலும் படாத துருப்பிடிக்கா எஃகுத் தூரிகையால் தேய்க்க வேண்டும். வரிசை மாறினால் தூரிகை எண்ணெயைப் பரப்பில் அழுத்திப் பதித்துவிடும்.

அசிட்டோனுக்குப் பதிலாகக் கைக்குக் கிடைத்த பிரேக் துப்புரவுத் திரவத்தைத் தெளிப்பது இன்னும் ஆபத்தானது. அத்திரவங்களில் சில குளோரின் கலந்தவை. மின்வில்லின் வெப்பத்திலும் புற ஊதாக் கதிரிலும் அவை சிதைந்து, முதல் உலகப் போரில் ஆயுதமாகப் பயன்பட்ட ஃபாஸ்ஜீன் என்னும் நச்சு வாயுவாகும். அதைச் சுவாசித்தவருக்கு நுரையீரலில் நீர் கோப்பது பல மணிநேரம் கழித்தும் தொடங்கலாம். குளோரின் சேர்ந்த எந்தத் திரவத்தையும் பற்றவைக்கும் கூடத்துக்குள் கொண்டுவரவே கூடாது.