உஷார்! சிமென்ட் தரையில் குதிக்கும் பிள்ளைகளின் முட்டி பத்திரம்

விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துப் பெற்றோரே, பி.டி. ஆசிரியர்களே, கொஞ்சம் கவனியுங்கள். விளையாட்டு விடுதித் தேர்வு, போலீஸ் வேலை என்று சொல்லி, வளர்ந்து முடியாத பிள்ளைகளைச் சிமென்ட் தரையில் தவளைக் குதி குதிக்க விடாதீர்கள்!

விரலில் சாக்பீஸ் தூள் தடவி, கையை நீட்டிச் சுவரில் ஒரு தடம். நின்ற இடத்திலிருந்து எகிறி இன்னொரு தடம். இடையில் எத்தனை சென்டிமீட்டரோ, அதுதான் எகிறும் உயரம். சோதனை சுலபம்தான். அந்த அளவை வைத்துப் பிள்ளையை எடைபோடும்போதுதான் தப்பு நடக்கிறது.

பத்து, பதினோரு வயது வரை ஆணும் பெண்ணும் கிட்டத்தட்ட ஒரே உயரம்தான் எகிறுவார்கள். பிறகு பையனுக்கு டெஸ்டோஸ்டிரோன் சுரந்து தசை ஏறும். எகிறும் உயரமும் வருடா வருடம் கூடும். பெண்ணுக்கு எடை கூடும் வேகத்துக்குத் தசை வலு கூடாது. பயிற்சி இல்லாவிட்டால் 14 வயதுக்கு மேல் அளவு பெரிதாக ஏறாது. எட்டாம் வகுப்பில் மீசை அரும்பிய பையன் ஜெயிப்பது பெரும்பாலும் உடல் முந்தி வளர்ந்ததால்தான். தோற்றவனைச் சோம்பேறி என்று திட்டிக் கூடுதலாகக் குதிக்க விடுவது அநியாயம்.

திடுதிப்பென்று உயரும் அந்த ஓரிரு வருடம்தான் ஆபத்தான காலம். பெண்ணுக்கு 11, 12 வயதில்; பையனுக்கு 13, 14-இல். முட்டிச்சில்லுக்குக் கீழே தசைநாண் ஒட்டும் இடம் அப்போது முழுசாக எலும்பாகியிருக்காது. ஓயாமல் குதித்தால் அங்கே புடைத்துக்கொள்ளும். மாடிப்படி இறங்கினால் வலிக்கும், மண்டியிட்டால் உயிர் போகும். டாக்டர்கள் இதை ஆஸ்குட் ஷ்லாட்டர் என்பார்கள். "வளர்ற வயசு, வலிக்கத்தான் செய்யும்" என்று தைலம் தேய்த்து மறுநாளும் மைதானத்துக்கு அனுப்பாதீர்கள். குதிப்பதைக் குறைத்தாலே பெரும்பாலும் ஆறிவிடும்.

பெண் பிள்ளைகளுக்கு இறங்கும்போதுதான் கண்டம். வாலிபாலிலோ கூடைப்பந்திலோ எகிறி இறங்கும்போது முட்டி உள்பக்கமாக மடங்கினால், உள்ளேயிருக்கும் ஏ.சி.எல். என்ற தசைநார் அறுந்துவிடலாம். ஒரே ஆட்டத்தை ஆடும் ஆண்களைவிட பெண்களுக்கு இது இரண்டு மடங்குக்கு மேல் நேர்கிறது. 'டப்' என்று சத்தம் கேட்டு, சில மணி நேரத்தில் முட்டி வீங்கினால் கட்டுப் போட்டு நாளைக் கடத்தாதீர்கள். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பக்கத்தில்தானே இருக்கிறது!

காவலர் தேர்வில் ஆணுக்கும் பெண்ணுக்கும் தாண்ட வேண்டிய அளவு தனித்தனி. 18 வயது ஆனால்தான் விண்ணப்பிக்கவே முடியும். பதினாலு வயசுப் பிள்ளையிடம் இவ்வளவு அவசரம் எதற்கு?

மண்ணிலோ மணலிலோ குதிக்க விடுங்கள். தினமும் வேண்டாம், இடையில் ஓய்வு கொடுங்கள். எகிறக் கற்றுக்கொடுக்கும் முன், முட்டியை மடக்கிச் சத்தமில்லாமல் இறங்கக் கற்றுக்கொடுங்கள். முட்டிக்குக் கீழே புடைப்பு தெரிந்தால், இன்றைக்கே குதிப்பதை நிறுத்துங்கள்.