பாறையைத் தாங்கும் கைகள்

மாமல்லபுரம் சென்றுவந்த குடும்பங்களின் ஆல்பங்களில் ஒரு படம் பெரும்பாலும் தவறுவதில்லை: வெண்ணெய் உருண்டைப் பாறையை யாரோ ஒற்றைக் கையால் தாங்கி நிற்பார். பாறையின் எடை சுமார் 250 டன் என்பார்கள். கையோ அதைத் தொடுவதேயில்லை. இதை மலிவான வேடிக்கை என்று ஒதுக்குவோருடன் எனக்கு உடன்பாடில்லை.

இரு கண்களும் காணும் காட்சிகளுக்கிடையே உள்ள சிறு வேறுபாடு, மூளை தூரத்தை உணர உதவுகிறது. கேமராவுக்கு ஒரே கண். ஆகவே அருகிலுள்ள கையும் தொலைவிலுள்ள பாறையும் படத்தில் ஒட்டிக்கொள்கின்றன. இங்கிலாந்து ஓவியர் ஜூலியன் பீவர் நடைபாதையில் சாக்கட்டியால் வரையும் பள்ளங்களிலும் நிற்குமிடமே எல்லாம். குறிப்பிட்ட ஓரிடத்திலிருந்து நோக்கினால் ஆழம் மிரட்டும். சற்று விலகினால் இழுபட்ட கோடுகளே எஞ்சும்.

படத்தில் நிற்பவருக்குத் தன் கை பாறையோடு பொருந்துகிறதா என்பது தெரியாது. 'இன்னும் கொஞ்சம் இடப்பக்கம், கையை இறக்கு' என்று சொல்ல எதிரே ஒருவர் வேண்டும். செல்ஃபியில் அந்த ஒருவர் இல்லை. எங்கள் வீட்டுப் பாறைப் படங்கள் எதிலும் அம்மா இல்லை. எல்லாக் கைகளும் சரியாகப் பொருந்தியிருப்பது அவர் நின்ற இடத்தால்தான்.

பல்லவச் சிற்பிகளுக்கும் குறும்பு அந்நியமன்று. அருகிலேயே உள்ள அர்ச்சுனன் தபசுச் சிற்பத்தில், மேலே முனிவர் கைகளை உயர்த்தித் தவமிருக்க, கீழே யானைகளின் அருகில் ஒரு பூனையும் அப்படியே நிற்கிறது, சுற்றிலும் எலிகள். சிற்பம் முழுவதையும் ஒரே படத்தில் அடக்கப் பின்னால் நகர்ந்துகொண்டே போகும் பெரியவர்கள் அதைத் தவறவிடுகிறார்கள். பூனை இருப்பது தாழ்வான இடத்தில். அதை முதலில் காண்பது பெரும்பாலும் குழந்தைகளே.