உறவுடை அட்டவணைகளும் வினவும் நெறியும்

தரவுகளை அட்டவணைகளாக வகுத்து, பொதுவான மதிப்புக்களால் அவற்றைத் தொடர்புபடுத்தும் நெறியினை எட்கர் கொட் என்பார் 1970 ஆம் ஆண்டிலே ஒரு கட்டுரைவாயிலாக வெளியிட்டார். இன்றைய தரவுத்தளங்களுட் பல இந்நெறியைப் பின்பற்றுவனவே.

நூல்நிலையமொன்றை எடுத்துக்கொள்வாம். ஆசிரியர்க்கு ஓர் அட்டவணை. நூலுக்கு மற்றோர் அட்டவணை. ஆசிரியரின் பெயரும் ஊரும் நூல்தோறும் எழுதப்படுவதில்லை. அவருடைய எண் மாத்திரமே நூலின் நிரையிற் குறிக்கப்படும். இதனை அந்நியச் சாவி என்பர். பெயர் ஓரிடத்திலேயே இருத்தலின், திருத்தமும் ஓரிடத்திற் செய்தாற் போதும்.

இவ்வட்டவணைகளை வினவும் மொழி எஸ்.கியூ.எல். ஆகும். 2005 ஆம் ஆண்டிற் பொதுவெளிக்கு வந்த ஜாங்கோ என்னும் வலைச் சட்டகமோ, ஒவ்வொரு நிரையையும் பைதன் மொழியின் ஒரு பொருளாக நமக்குக் காட்டுகின்றது. ‘நூல்.ஆசிரியர்.பெயர்’ என்னும் வடிவில் எழுதிய அளவிலே பெயர் கிடைத்துவிடும். இவ்வெளிமையினுள்ளே ஓர் இடர் மறைந்து கிடக்கின்றது.

500 நூல்களை ஆசிரியர் பெயரோடு பட்டியலிடுவதாகக் கொள்க. நூல்களைப் பெறுதற்கு ஒரு வினா. பின்னர், ஒவ்வொரு நூலின் ஆசிரியரையும் அறியத் தனித்தனி ஒரு வினா. ஆக, 501 வினாக்கள் தரவுத்தளத்தைச் சென்றடையும். பத்து நூல்களைக் கொண்டு சோதிப்பவர் இத்தாமதத்தை உணரார். நூல்கள் பெருகிய பின்னரே அது புலனாகும்.

இதற்குப் பரிகாரம் இரண்டு. ஒரு நூலுக்கு ஓர் ஆசிரியரே உளராயின், ‘செலக்ட் ரிலேட்டட்’ என்னும் முறையைக் கையாளல் வேண்டும். அஃது இரு அட்டவணைகளையும் இணைத்து ஒரே வினாவில் யாவற்றையும் பெறும். ஓர் ஆசிரியரிடமிருந்து அவருடைய பல நூல்களை நோக்கிச் செல்லுமிடத்து, ‘பிரீஃபெட்ச் ரிலேட்டட்’ என்னும் முறை பொருந்தும். ஆசிரியர் அனைவரையும் ஒரு வினாவும், அவர்தம் நூல்களை மற்றொரு வினாவும் கொணரும். அவற்றைப் பொருத்தும் பணியைப் பைதன் செய்யும். இங்கும் அட்டவணைகளை இணைப்பின் யாது நிகழும்? பத்து நூல் இயற்றியவரின் விபரம் பத்து நிரைகளில் வீணே மீண்டும் மீண்டும் வரும்.

கருவி நம்பொருட்டு வினாவை எழுதினும், அதன் பயனுக்குப் பொறுப்பாளர் நாமே. ஆதலின் மாணாக்கர், கருவி ஆக்கும் எஸ்.கியூ.எல். வாக்கியங்களை அச்சிட்டு நோக்கி, அவற்றின் தொகையையும் எண்ணிப் பார்த்துப் பழகுதல் நன்று.